கொரோனா டெஸ்ட்: சீட்டைப் பார்க்கும் முன் நாள் கணக்கைப் பாருங்கள்

கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு கொரோனா என்று போன் வருகிறது. உடனே மனசு பதறும். மறுநாள் காலையிலேயே டெஸ்ட் எடுக்க ஓடுவோம். நெகட்டிவ் என்று வந்துவிட்டால் போதும், மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வயசான அம்மாவைப் பார்க்க பஸ் ஏறிவிடுவோம். அந்த அவசர நெகட்டிவ்தான் ஆபத்தான சீட்டு. டெஸ்ட் பொய் சொல்லவில்லை. அது பதில் சொல்லக்கூடிய நாளுக்கு முன்பே நாம் அதனிடம் கேள்வி கேட்டுவிட்டோம்.

நான் தென்காசிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன். 2020 தொடங்கி கொரோனா அலைகள் ஓயும்வரை, கவச உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி மூக்கிலும் தொண்டையிலும் சாம்பிள் எடுத்தவள். காய்ச்சல் முகாம்களில் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்டது ஒரே கேள்வி: “எனக்கு இருக்கா, இல்லியா?” நான் திருப்பிக் கேட்டதும் ஒரே கேள்விதான்: “அவங்களக் கடைசியா எந்தக் கிழமை பாத்தீங்க?” இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு அர்த்தம் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி கொரோனா அவசரநிலையை முடித்து வைத்தது. கிருமி போய்விடவில்லை. 2025 மே, ஜூன் மாதங்களில் நம் நாட்டில் மறுபடியும் தலைகாட்டியது. இப்போது சுற்றுவதெல்லாம் ஒமைக்ரான் வம்சம். பெரும்பாலானவர்களுக்குச் சளி, தொண்டை வலி, இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு போய்விடுகிறது. ஆனால் சர்க்கரை, சிறுநீரகம், இருதய நோய் உள்ளவர்களுக்கும், புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும், எழுபதைத் தாண்டியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது இன்னும் சாதாரணச் சளி இல்லை. இதை எழுதுவது அவர்களையும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களையும் நினைத்துத்தான்.

நாளை எப்படி எண்ணுவது

நோய் உள்ளவரைக் கடைசியாகச் சந்தித்த நாள் பூஜ்யம். மறுநாள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் ஞாயிறு பூஜ்யம், திங்கள் ஒன்று, வெள்ளி ஐந்து. போன் புதன்கிழமைதான் வந்தது என்பதால் புதனில் இருந்து எண்ணக் கூடாது. கிருமிக்கு உங்கள் போன் தெரியாது.

அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஐந்தாம் நாள் டெஸ்ட் எடுங்கள். அதற்கு முன்பே தொண்டை கரகரத்தாலோ உடம்பு சுட்டாலோ அன்றைக்கே எடுங்கள், ஐந்தாம் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2020-இல் வந்த முதல் வகைக் கிருமி, ஏறி ஐந்து நாள் கழித்துத்தான் அறிகுறி காட்டும். சிலருக்குப் பதினான்கு நாள்கூட ஆனது. ஒமைக்ரான் வம்சம் பெரும்பாலும் மூன்று நாளில் காட்டிவிடுகிறது.

ஏன் இந்தக் காத்திருப்பு? பாலில் உறை ஊற்றியதும் விரலை விட்டுப் பார்த்தால் பாலாகத்தான் இருக்கும். தயிர் தோயவில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம், நேரம் ஆகவில்லை என்போம். மூக்குக்குள் நுழைந்த கிருமியும் செல்களுக்குள் புகுந்து பெருகி, குச்சியில் ஒட்டும் அளவுக்கு வர நாள் எடுக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். தொற்று ஏறிய முதல் நாளில் பி.சி.ஆர். (சாம்பிளை லேபுக்கு அனுப்பிப் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தால் தொற்றுள்ள அத்தனை பேருக்கும் நெகட்டிவ்தான் வரும். நான்காம் நாளில் 100 பேரில் 67 பேரைத் தவறவிடும். அறிகுறி தொடங்குகிற ஐந்தாம் நாளில் 38 பேரை. மிகவும் நன்றாகக் கண்டுபிடிக்கும் எட்டாம் நாளில்கூட 20 பேரைத் தவறவிடும். இது பழைய வகைக் கிருமிக்கான கணக்கு, இன்றைய வகைகள் வேகமானவை. ஆனாலும் முதல் நாள் நெகட்டிவை நம்பக் கூடாது என்பது மாறவில்லை.

ஒரே வீட்டில் நோயாளி இருந்தால் கணக்கு கொஞ்சம் சிக்கல். திங்கள்கிழமை கணவருக்கு பாசிட்டிவ், வியாழன்வரை ஒரே அறையில் படுத்தீர்கள், வியாழன் இரவு அவரைத் தனியாகப் படுக்க வைத்தீர்கள் என்றால், உங்கள் பூஜ்யம் வியாழன்தான். பிரித்துப் படுக்க வழியே இல்லாத ஓரறை வீடாக இருந்தால் பூஜ்யம் தினமும் தள்ளிக்கொண்டே போகும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, நாள் எண்ணுவதை விட்டுவிட்டு, உங்களுக்கும் இருக்கிறது என்று வைத்தே நடந்துகொள்ளுங்கள். வீட்டிலேயே போட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்க முடிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள். முடியாவிட்டால் வீட்டில் கடைசி ஆளுக்கு நோய் தெரிந்து பத்து நாள் ஆகும்வரை வயசானவர்கள் வீட்டுப் பக்கம் போகாதீர்கள்.

எது “தொடர்பு”? கடை வாசலில் ஒருவரைத் தாண்டிப் போனதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆறு அடிக்குள் கால்மணி நேரத்துக்கு மேல் இருந்தது, ஒரே வேனில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போனது, ஏ.சி. மண்டபத்தில் சேர்ந்து உட்கார்ந்தது, நோயாளிக்குத் துடைத்துவிட்டது, ஊட்டிவிட்டது, இவையெல்லாம் தொடர்பு. எங்கள் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் காலையில் தட்டை மடியில் வைத்தால் சாயங்காலம்வரை ஒரே இடத்தில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். திறந்த திண்ணையில் சுற்றினால் ஆபத்து குறைவு. இலை காய்ந்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சுற்றினால் அந்தக் காற்றையே எல்லோரும் நாள் முழுக்க மூச்சாக இழுக்கிறார்கள். இது காற்றில் மிதந்து பரவும் நோய். கையை எவ்வளவு கழுவினாலும் சாத்திய அறை சாத்திய அறைதான்.

ஐந்தாம் நாள்வரை வீட்டில் அடைந்து கிடக்க வேண்டுமா? வேலையை விட முடியாதவர்கள் என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் சேர்ந்து சாப்பிட உட்காராதீர்கள். மாஸ்க் கழன்று, பேச்சும் சிரிப்பும் சேர்ந்து வரும் நேரம் அது. நோய் தொற்றியவர் தனக்கு அறிகுறி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். அதனால் “எனக்கு ஒண்ணுமே செய்யலியே” என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இரண்டு டெஸ்ட், இரண்டு வேலை

ஆர்.டி.பி.சி.ஆர். (சுருக்கமாக பி.சி.ஆர்.) என்பது கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. கிருமியின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குவார்கள். கொஞ்சம் இருந்தாலும் பெருக்கிப் பெருக்கிக் கண்ணில் படவைத்துவிடும். ரேபிட் ஆன்டிஜென் டெஸ்ட் கிருமியின் புரதத்தைத் தேடுகிறது. பெருக்காமல், இருக்கிறதை இருக்கிறபடி பார்க்கும். அதனால் நிறையக் கிருமி இருந்தால்தான் கோடு காட்டும்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2022 கணக்குப்படி, அறிகுறி உள்ள நோயாளிகளில் 100-க்கு 73 பேரை ரேபிட் டெஸ்ட் கண்டுபிடிக்கிறது, அறிகுறி இல்லாதவர்களில் 55 பேரைத்தான். அதே சமயம், நோய் இல்லாதவரை இருக்கிறது என்று சொல்வது மிக அபூர்வம். இதில் இருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சுலபம். ரேபிட்டில் பாசிட்டிவ் வந்தால் நம்புங்கள், மறுபடி எடுத்துப் பார்த்துப் பணத்தை வீணாக்காதீர்கள். நெகட்டிவ் வந்தால் பாதி மட்டும் நம்புங்கள். அறிகுறி இருந்தும் நெகட்டிவ் என்றால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுங்கள், அல்லது 48 மணி நேரம் கழித்து இன்னொரு கிட் போடுங்கள். அறிகுறி இல்லையென்றால் 48 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்த்து, மூன்றும் நெகட்டிவ் என்றால் நிம்மதியாகலாம்.

தடுப்பூசி போட்டதால் இந்த இரண்டு டெஸ்ட்டிலும் பாசிட்டிவ் வராது. ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி டெஸ்ட் வேறு. அது முன்பு வந்துபோனதையும் தடுப்பூசியையும் காட்டும். இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்லாது. நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து கொரோனாவைக் கண்டுபிடிக்கலாம் என்று 2021-இல் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். லேசான காய்ச்சல்காரர் முதல் இரண்டு நாளில் ஸ்கேன் எடுப்பதால் செலவும் கதிர்வீச்சும்தான் மிச்சம். அது எப்போது வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

வீட்டுக் கிட்டைச் சரியாகப் போடுவது

2021 மே மாதம் புனேயின் மைலேப் நிறுவனம் கொண்டுவந்த கோவிசெல்ஃப்தான் நம் நாட்டில் அனுமதி பெற்ற முதல் வீட்டுக் கிட். பிறகு பல கம்பெனிகள் வந்தன. பெட்டிக்குள் இருக்கும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. ஆனால் தாள் சொல்லாத சில விஷயங்கள் உண்டு.

முதலில் காலாவதித் தேதி. அடுத்து, கிட் எங்கே இருந்தது? 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான பெட்டிகளில் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அரை நாள் கிடந்த கிட்டை நான் நம்ப மாட்டேன். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டு, குளிர் போன பிறகு பிரியுங்கள். கோடு காட்டும் பட்டையை உறையில் இருந்து முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்று அதைக் கெடுத்துவிடும்.

மூக்கைச் சிந்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, குச்சியின் பஞ்சு முனையைத் தொடாமல் எடுங்கள். வீட்டுக் கிட்டின் குச்சி மூளைவரை போக வேண்டியதில்லை, இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் போதும். பயந்துகொண்டு மூக்கு வாசலிலேயே சுற்றி எடுப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது ஆகாது. உள்சுவரில் உரசும்படி ஐந்து சுற்று, பிறகு அதே குச்சியை அடுத்த துவாரத்தில் ஐந்து சுற்று. குழாய்த் திரவத்துக்குள் விட்டுக் கலக்கி, குழாயின் அடிப்பக்கத்தை விரலால் பிதுக்கி, குச்சியில் ஒட்டியதெல்லாம் கரையும்படி செய்யுங்கள். மூடியைப் போட்டுப் பட்டையின் குழியில் இரண்டு சொட்டு. நுரையோ காற்றுக் குமிழோ விழுந்தால் அது சொட்டுக் கணக்கில் சேராது.

பட்டை சமதளத்தில் இருக்கட்டும். போனில் 15 நிமிடம் அலாரம் வையுங்கள். 20 நிமிடம் தாண்டிவிட்டால் பார்க்காதீர்கள். காய்ந்த பட்டையில் கள்ளக் கோடு எழும்பும். ‘சி’ பக்கக் கோடு வரவில்லையென்றால் அந்தக் கிட்டே செல்லாது, வேறு பிரியுங்கள். ‘சி’யும் வந்து ‘டி’யும் வந்தால் பாசிட்டிவ். ‘டி’ கோடு மங்கலாக, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். மங்கல் கோடு என்றால் லேசான நோய் என்று அர்த்தம் இல்லை. இன்றைக்கு மங்கலாக இருந்தது நாளை மறுநாள் அழுத்தமாக வருவதுண்டு.

ஆஸ்பத்திரியில் சாம்பிள் கொடுக்கும்போது

பின்மூக்கில் எடுக்கும் குச்சி நீளம். தலையைச் சற்றே பின்னால் சாய்த்தால், குச்சி நெற்றியைப் பார்த்து மேலே போகாமல், மூக்கின் தரையை ஒட்டிக் காதுப் பக்கமாகப் போகும். சில விநாடி எரியும், கண்ணில் தண்ணீர் வரும், தும்மல் வரும். கழுத்தை இறுக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டால்தான் வலிக்கும். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஐந்து விநாடி பொறுத்தால் முடிந்தது. அந்தக் குச்சியை ஒடித்து, கிருமி கெடாமல் காக்கும் திரவம் உள்ள வி.டி.எம். குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து மருத்துவக் கல்லூரி லேபுக்கு அனுப்புவோம். அதனால்தான் முடிவு அன்றைக்கே கையில் கிடைப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். படிவத்தில் உங்கள் சொந்தப் போன் நம்பரைக் கொடுத்து, எழுதியவரிடம் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்ததாலும், ஒரு எண் மாறிப்போனதாலும், முடிவு வந்தும் சேர வேண்டியவருக்குச் சேராமல் நாட்கணக்கில் போனதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அந்த நாட்களில் அவர்கள் தெருக்குழாயில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரிப்போர்ட்டில் சி.டி. மதிப்பு (இது சி.டி. ஸ்கேன் இல்லை) என்று ஓர் எண் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தவிக்காதீர்கள். எத்தனையாவது சுற்றில் கிருமி கண்ணுக்குப் பட்டது என்பதுதான் அந்த எண். எண் குறைந்தால் கிருமி அதிகம். மூன்று சுற்று வித்தியாசம் என்றால் ஏறக்குறைய எட்டு மடங்கு. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2021-இல் 35-ஐ எல்லையாக வைத்தது, அதைத் தாண்டினால் நெகட்டிவ். ஆனால் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து எடுத்த இரண்டு குச்சியிலும் எண் மாறும், எடுத்த விதத்தைப் பொறுத்தும் மாறும். அதை வைத்து நோயின் கடுமையைச் சொல்ல முடியாது. 18 என்று பார்த்துவிட்டு அழுதவர்கள் மூன்று நாளில் எழுந்து நடந்திருக்கிறார்கள்.

முகாமுக்கு ஒரு பாட்டி வந்தார்கள். பாசிட்டிவ் வந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கடைசியாகப் பார்த்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. “எம்மா, ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடு தாயி, பேத்திக்குப் பிள்ள பொறந்திருக்கு, பாக்கப் போவணும்” என்றார்கள். “பாட்டி, இன்னைக்கு எடுத்தா ஒண்ணும் இல்லன்னுதான் வரும். அத நம்பிப் போயிராதீங்க. இன்னும் மூணு நாள் பொறுத்து வாங்க” என்றேன். முகம் வாடிப்போனது, ஆனாலும் மூன்று நாள் கழித்து வந்தார்கள். வயசானவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்வேன்.

பாசிட்டிவ் வந்துவிட்டால்

முதல் வேலை, முந்தைய இரண்டு நாளில் சந்தித்தவர்களுக்குப் போன் செய்வது. 2020-இல் கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, வாசலைத் தகரம் வைத்து அடைத்ததில் ஜனங்கள் நோயைக் காட்டிலும் அந்தத் தகரத்துக்குப் பயந்தார்கள். பயந்து மறைத்தார்கள். இப்போது தகரம் கிடையாது, சொல்லத் தயங்க வேண்டாம். சொல்லக் கேட்பவர்களும் “உன்னாலதான வந்துச்சு” என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஒரு தடவை கேட்டவர் அடுத்த தடவை யாரிடமும் சொல்ல மாட்டார்.

தனியறை இருந்தால் நல்லது. இல்லாத வீட்டில் நோயாளியை ஜன்னல் ஓரம் படுக்க வைத்து, மேஜை விசிறியை ஜன்னலை நோக்கி, காற்று வெளியே போகும்படி வையுங்கள். எல்லோர் மேலும் காற்று சுழலுகிற மாதிரி வைக்காதீர்கள். பொதுக் கழிப்பறையை நோயாளி கடைசியில் பயன்படுத்தி, கதவைத் திறந்து விடட்டும். பால் கொடுக்கும் தாய்க்கு பாசிட்டிவ் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், மாஸ்க் போட்டு, கையைக் கழுவிவிட்டுக் கொடுக்கலாம்.

வயசானவர்கள், நீண்டநாள் நோய் உள்ளவர்கள் பாசிட்டிவ் வந்த அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இவர்களுக்கான கிருமி எதிர்ப்பு மாத்திரை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன். கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடியுங்கள், அதைக் குடித்துப் பார்த்துவிட்டு ஆறாம் நாள் வராதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஆக்ஸிஜன் குறைந்தவர்களுக்கு உயிர் காத்த மருந்து அது. குறையாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. சர்க்கரையையும் ஏற்றிவிடும். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தவர்களில் ஏராளமானோர் சர்க்கரை கட்டுப்படாமல் ஸ்டீராய்டு எடுத்தவர்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருந்தால், நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலில், ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்தபின், எண் அசையாமல் நின்றதும் பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். 90-க்குக் கீழே போனால், பேச்சு வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், நெஞ்சு அழுத்தினால், ஆள் குழம்பிப் பேசினால், உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள், கருவியை நம்பாதீர்கள்.

எப்போது வெளியே வரலாம்? 2022 ஜனவரியில் மத்திய அரசு சொன்ன கணக்கு, பாசிட்டிவ் வந்து ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். நான் இன்றும் அதையே சொல்கிறேன். அதோடு பத்தாம் நாள்வரை வயசானவர்கள் பக்கத்தில் மாஸ்க் போடச் சொல்வேன். வெளியே வருவதற்கு முன் மறுபடி ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டாம். செத்த கிருமியின் மரபணுத் துண்டுகள் வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம்வரைகூட மூக்கில் கிடந்து பாசிட்டிவ் காட்டும், அதனால் யாருக்கும் தொற்றாது. வேலைக்குச் சேர நெகட்டிவ் சீட்டு கேட்கும் முதலாளிகளிடம் இதைச் சொல்லி, முதல் ரிப்போர்ட்டின் தேதியைக் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் மறுபடி காய்ச்சல் வந்து சந்தேகமாக இருந்தால் பி.சி.ஆர். வேண்டாம், ரேபிட் கிட் போட்டுப் பாருங்கள்.